ஆறு கிண்ணம், ஒரு மூடி ஜாடி, ஒரு வெள்ளாடு

செராமிக்ஸ் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு பருவத்துக்குள் முடித்த வேலை மேசைமேல் இருக்கிறது. சக்கரத்தில் வனைந்த ஆறு ஸ்டோன்வேர் (உயர்சூட்டில் கல்போல இறுகும் மண்) கிண்ணங்கள், மூடி போட்ட ஓர் ஊறுகாய் ஜாடி, கால்களை மடக்கிப் படுத்திருக்கும் சுடுமண் வெள்ளாடு. கிண்ணங்களில் நான்கு தேறின. ஒன்றின் அடியில் விரிசல். இன்னொன்றில் கட்டைவிரல் அளவுக்கு கிளேஸ் (உருகிக் கண்ணாடிபோலப் படியும் மேற்பூச்சு) விலகி வெறும் மண் தெரிகிறது. ஜாடி நன்றாகவே வந்திருக்கிறது. ஆட்டின் இடது காது சுடுவதற்கு முன்பே வேரோடு பிளந்து, ஒட்டிச் சரிசெய்யப்பட்டது.

சூளையைத் திறக்கும்போதுதான் குறை கண்ணில் படுகிறது என்பதால், ‘சூட்டில் போய்விட்டது’ என்று சொல்லிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியில்லை. விரிசல்களில் முக்கால்வாசி மண்ணில் தண்ணீர் இருந்தபோதே விழுந்தவை. சூளை அதை விரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் முதலில் வெளியேறுகிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் குடமானாலும் குதிரையானாலும் வேலை ஒன்றுதான்.

முதலில் மண். கிண்ணங்களுக்கும் ஜாடிக்கும் ஸ்டோன்வேர் கலவை. பால் கிளே (ball clay, குழைவு மிகுந்த களிமண்), சூடு தாங்கும் ஃபயர் கிளே, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய கனிமப் பொடிகள் சேர்ந்தது, சுமார் 1,280 டிகிரியில் இறுகுவது. நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் செராமிக் தொழில் வேர்விட்டதற்கு அங்கே கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணும் ஒரு காரணம். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, இந்த உயர்சூட்டு ஸ்டோன்வேர் நம் பக்கத்து மாணவர்களுக்கும் பழக்கமான வேலையாகிவிட்டது. ஆட்டுக்கு மட்டும் ஏரிக் களிமண். அது 900 டிகிரிக்குச் சுட்டாலே சிவந்து இறுகும். அதே மண்ணை 1,280-க்கு ஏற்றினால் உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மண்ணும் ஒரே அறையில் இருந்தால் வாளி, துணி, பிசையும் பலகை எல்லாமே தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஏரி மண்ணைத் தயார் செய்வதில் ஒரு நுணுக்கம். ஈரமாக வந்த கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் நாள் கணக்கில் கரையாமல் கிடக்கும். நன்றாகக் காயவைத்து, உடைத்து, பிறகு தண்ணீர் ஊற்றினால் கட்டிகள் தாமாகப் பொலபொலவென்று உதிரும். ஓர் இரவு ஊறியதும் 30 அல்லது 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண்) சல்லடையில் வடித்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, துணியிலோ பிளாஸ்டர் பலகையிலோ கொட்டிப் பதத்துக்குக் கொண்டுவரலாம். பிளாஸ்டர் பலகை வார்க்க, எடைக்கு 100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர். அந்தப் பலகையின் ஓரத்தைச் சுரண்டக் கூடாது. ஒரு மிளகு அளவு பிளாஸ்டர் மண்ணுக்குள் போனாலும், சுட்ட சில நாளில் அந்த இடம் செதிலாகத் தெறித்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். மண்ணில் சுண்ணாம்புக்கல் துணுக்கு இருந்தாலும் இதேதான். சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகி, காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும். அதனால் புது இடத்து மண் வந்தால் காய்ந்த கட்டியில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பார்ப்பது நல்லது. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இன்னும் நெருக்கமான சல்லடையில் சலிக்க வேண்டும், அல்லது அந்த மண்ணை விட்டுவிட வேண்டும்.

மண் எவ்வளவு சுருங்கும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம், அளந்துவிடலாம். 14 செ.மீ நீளம், 4 செ.மீ அகலம், 1 செ.மீ கனத்தில் ஒரு பட்டை. அதன்மேல் சரியாக 10 செ.மீ-க்கு ஒரு கோடு. காய்ந்ததும் ஒருமுறை, சுட்டதும் ஒருமுறை அளக்க வேண்டும். இந்த ஸ்டோன்வேர் கலவையில் கோடு 8.8 செ.மீ-க்கு வந்தது, அதாவது 12 சதவீதம். இங்கே பலரும் ஒரு கணக்குப் பிழை செய்வார்கள். முடிவில் 14 செ.மீ வாய் வேண்டுமென்றால் 12 சதவீதத்தைக் கூட்டி 15.7 என்று வனைவார்கள். சுருங்குவது பெரிய அளவிலிருந்துதானே, 14-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும். வருவது 15.9. ஒற்றைக் கிண்ணத்தில் இந்த இரண்டு மில்லிமீட்டர் பொருட்டில்லை. ஜாடிக்கு மூடி செய்யும்போது அதுவே மூடியை விழ வைக்கும்.

ஒவ்வொரு கிண்ணத்துக்கும் 600 கிராம் மண். பிசைவது அறுபது எழுபது தடவையாவது. பிசைந்த உருண்டையைக் கம்பியால் நடுவில் அறுத்துப் பார்த்தால் வெட்டு முகம் வெண்ணெய்போல ஒரே சீராக இருக்க வேண்டும். ஓட்டையோ, நிறம் மாறிய கோடோ தெரிந்தால் இன்னும் பிசையணும். சென்டர் பிடிப்பதற்கு, அதாவது சுழலும் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்கு, கைப்பலம் வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றிவிட்டால் பலம் தானாக வரும். ஊன்றாத கை மண்ணோடு சேர்ந்து ஆடும்.

அடி விரிசலுக்கு வருவோம். அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் எஸ் எழுத்துபோல நெளிந்த கோடு. இது பானை வனைபவர் எல்லோரும் பார்த்தது. வனையும்போது சுவரை விரல்கள் அமுக்கி அமுக்கி ஏற்றுகின்றன, மண் நெருங்குகிறது. அடியை யாரும் அமுக்குவதில்லை. போதாததற்கு, சக்கரத்தில் விட்ட தண்ணீர் அடியில் குளமாகத் தேங்கி, அந்த இடத்து மண் மட்டும் கூடுதலாக ஊறுகிறது. காயும்போது ஊறிய இடம் அதிகம் சுருங்குகிறது. சுற்றிலும் இருக்கும் சுவர் அதற்கு முன்பே இறுகிவிட்டதால் விட்டுக்கொடுப்பதில்லை. நடு பிளக்கிறது. செய்ய வேண்டியது மூன்று. குழி விட்டதும் மரத்துண்டாலோ ரிப்பாலோ (தேய்க்கும் தகடு) ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் நாலைந்து முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். தேங்கிய நீரை ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஸ்பாஞ்சால் எடுத்துவிட வேண்டும். விளிம்பு விரல் பட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகியதும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அடிக்கும் காற்று படும்படி. இந்த மாணவியின் முதல் கிண்ணத்தில் மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஐந்தாவது கிண்ணத்தில் மூன்றும் நடந்திருக்கிறது. அடியில் ரிப் போன தடம் கிளேஸுக்குக் கீழே இன்னும் வட்டமாகத் தெரிகிறது.

பாதம் (அடியில் நிற்கும் வளையம்) சீவும் கிண்ணத்துக்கு வனையும்போதே அடியில் 8 மில்லிமீட்டர் மண் விட வேண்டும். ஊசியைச் செங்குத்தாகக் குத்தி, விரலை மண்மட்டத்தில் பிடித்து எடுத்தால் அளவு தெரியும். சீவுவதற்கான பதத்தை நகம் சொல்லும். அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. சரியான பதத்தில் மண் தேங்காய்ச் சீவல்போல நீளமாகச் சுருண்டு வரும். கருவியில் அப்பினால் இன்னும் ஈரம். பொடியாக உதிர்ந்தால் நேரம் கடந்துவிட்டது. சீவும்போது நடுநடுவே விரலால் தட்டிக் கேட்க வேண்டும். கனமான அடி மந்தமாக ஒலிக்கும். மெலிய மெலிய ஓசை எழும்பும். சீவி முடித்த ஈரக் கிண்ணம் 500 கிராமுக்குள் இருந்தால் கைக்குச் சுகம். முதல் இரண்டும் 560 கிராம். அந்த எடை முழுவதும் சுவரின் கீழ்ப்பகுதியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தைத் துணிந்து நெடுக்காக அறுத்துப் பார்த்தால்தான் இது புரியும். பத்துக் கிண்ணம் வனைவதைவிட, ஒன்றை அறுத்துப் பார்ப்பது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

ஜாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவள் அதில் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறாள். ஜாடியும் மூடியும் ஒரே உருண்டையிலிருந்து, ஒரே நாளில். மூடி உட்காரும் படியை காலிப்பரால் அளந்து, இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி. காய்ந்ததும் சுட்டதும் மூடி போட்டபடியே. தனித்தனியாகக் காயவிட்டால் வாய் ஒரு பக்கம் நெளியும், மூடி இன்னொரு பக்கம் நெளியும். சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கிளேஸ் சூட்டில் இரண்டும் ஒட்டாமலிருக்க, தொடும் இடங்களில் சூட்டில் உருகாத அலுமினாப் பொடி கொஞ்சம் கலந்த மெழுகு பூசியிருந்தாள்.

இப்போது வெள்ளாடு. 55 செ.மீ நீளம், கொம்பு வரை 38 செ.மீ உயரம், ஈரத்தில் 14 கிலோ. நிற்கும் ஆடு வேண்டும் என்று தொடங்கி, படுத்த ஆடாக மாற்றியது நல்ல முடிவு. பச்சை மண்ணில் நாலு மெல்லிய கால் இவ்வளவு எடையைத் தாங்காது. நிற்கும் மிருகத்தை மண்ணில் எப்படி நிறுத்துவது என்று பார்க்க வேண்டுமானால் அய்யனார் கோயில் குதிரைகளைத்தான் பார்க்க வேண்டும். அவற்றைச் செய்யும் குயவர்களான வேளார்கள் கால்களைப் பருமனான குழாய்களாக முதலில் செய்து, அவை இறுகிய பிறகே மேலே உடலை ஏற்றுவார்கள். குதிரை முழுக்க உள்ளே வெற்றிடம். மண்ணில் மணலும் உமியும் கலந்திருக்கும். மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி சூட்டில் எரிந்து நுண்ணிய துளைகளை விட்டுப்போகிறது, நீராவி அந்த வழியாக வெளியேறுகிறது. ஆளுயரக் குதிரை விரிசலில்லாமல் நிற்பதற்கு இந்த இரண்டும் பெரிய காரணம். கோயிலுக்குப் போகிறவர்கள் குதிரையின் காலருகே குனிந்து, உடைந்த துண்டு கிடந்தால் அதன் வெட்டுமுகத்தைப் பார்க்கலாம். உமி இருந்த இடம் நெல் வடிவத்திலேயே பள்ளமாக இருக்கும்.

இந்த ஆட்டுக்கு உமிக்குப் பதிலாகச் சுட்ட மண் பொடி, உலர் எடையில் கால் பங்கு. உடைந்த பிஸ்க் (கிளேஸ் பூசாமல் முதல்முறை சுட்ட பாத்திரம்) துண்டுகளை இடித்து, ரவை அளவுக்குச் சலித்தது. ஏற்கெனவே சுட்டது என்பதால் அது இனிச் சுருங்காது. மொத்தக் கலவையின் சுருக்கமும் அந்த அளவுக்குக் குறையும். சுவரின் கனம் 1.2-லிருந்து 1.5 செ.மீ. கனம் எவ்வளவு என்பதைவிட, எங்கும் ஒரே கனமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஓரிடத்தில் 1 செ.மீ, பக்கத்தில் 3 செ.மீ என்றிருந்தால் மெலிந்த இடம் காய்ந்து சுருங்கும்போது தடித்த இடம் இன்னும் ஈரத்தில் ஊதியிருக்கும். அந்த எல்லைக்கோட்டில் பிளவு விழும்.

அடிப்பலகையில் நாலு மடிப்பு செய்தித்தாள் விரித்து அதன்மேல்தான் ஆட்டை எழுப்ப வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். 55 செ.மீ நீளமுள்ள உருவம் காய்ந்து முடிக்கும்போது மூன்று நாலு சென்டிமீட்டர் குறைகிறது. அடி பலகையைப் பிடித்துக்கொண்டால் வயிற்றுக்குக் குறுக்கே கிழியும். காகிதம் இருந்தால் அது மண்ணோடு நகரும். சூளைக்குள்ளும் அடியில் மணல் பரப்பி வைப்பது இதற்காகத்தான்.

விரல் பருமனில் திரித்த மண் கயிறுகளை வளையமாக வைத்து, உள்பக்கமும் வெளிப்பக்கமும் தேய்த்து இணைத்து, ஒரு நாளைக்கு 8 முதல் 10 செ.மீ மட்டும் ஏற்றுவது. அதற்குமேல் ஆசைப்பட்டால் கீழ்ச்சுவர் தொப்பை விடும். நாள் முடிந்ததும் மேல் விளிம்பில் ஈரத்துணி, கீழே திறந்தபடி. மறுநாள் கீழே இறுகித் தாங்கும், மேலே ஒட்ட ஈரம் இருக்கும். உள்ளே விலாவுக்குக் குறுக்கே இரண்டு மண் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. முதுகு மூடும் இடத்தில் கசக்கிய செய்தித்தாள் அடைத்துத் தாங்கலாம், அது சூளையில் எரிந்துவிடும். ஆனால் அப்போது புகை வரும். சன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வயிற்றின் அடியில் ஓர் ஓட்டை, மூக்குத் துளைகள் உள்ளே வரை துளைத்தவை. தலை, கழுத்து, உடல் மூன்றும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று திறந்திருக்க வேண்டும். கழுத்தில் மண் அடைத்துக்கொண்டால் தலை மட்டும் தனிக் குண்டாகிவிடும்.

இனி அந்த இடது காது. தலையைத் திங்கட்கிழமை முடித்து, காதுகளை வியாழக்கிழமை வைத்திருக்கிறாள். தலை அதற்குள் தோல் பதம் (ஈரம் இருந்தும் வளையாமல் இறுகிய நிலை) தாண்டி வெளிறத் தொடங்கிவிட்டது. காது அப்போதுதான் பிசைந்த மண். தலை தன் சுருக்கத்தில் பாதியை முடித்துவிட்டது, காது இன்னும் தொடங்கவில்லை. இரண்டையும் எவ்வளவு சேறு வைத்து ஒட்டினாலும், காது சுருங்கும்போது தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். வலது காது தப்பியதற்குக் காரணம், தலையின் அந்தப் பக்கம் சுவரோரம் இருந்தது. காற்று குறைவு, ஈரம் மிச்சமிருந்தது. இடது பக்கம் சன்னல்.

சரியான முறை: காதைத் தலை செய்த அன்றைக்கே செய்து, தனியாக ஒரு மணி நேரம் இறுகவிட்டு, தலையும் காதும் ஒரே பதத்தில் இருக்கும்போது ஒட்டுவது. இரண்டு முகத்திலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணில் கரைத்த கெட்டிச் சேற்றைப் பூசி, சேறு சுற்றிலும் பிதுங்கும்வரை அழுத்தி, மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய மண் கயிறு வைத்துத் தேய்த்துவிட வேண்டும். பிறகு காதை மட்டும் பிளாஸ்டிக் தாளில் தளர்வாகச் சுற்றி வைப்பது. காது, கொம்பின் நுனி, வால் போன்ற மெலிந்த உறுப்புகள் எப்போதும் முந்திக் காயும். அவற்றை நிறுத்திவைத்து உடலை முதலில் போகவிட வேண்டும்.

பிளந்த பிறகு அவள் செய்ததும் படிக்க வேண்டியதுதான். முதலில் வெறும் சேற்றைத் தடவினாள். காய்ந்த மண் அந்த ஈரத்தை உடனே உறிஞ்ச, விரிசல் இன்னும் ஆழமானது. இரண்டாவது முறை காகித மண். கழிவறைக் காகிதத்தை ஊறவைத்து அடித்துப் பிழிந்து, மூன்று பங்கு சேற்றுக்கு ஒரு பங்கு காகிதக்கூழ் சேர்த்தது. அதன் நார்கள் விரிசலின் இரு கரையையும் பிடித்துக்கொள்ளும், சுருக்கமும் குறையும். விரிசலை வாய் அகலமாகச் சுரண்டித் திறந்து, வினிகர் தொட்டு நனைத்து, காகித மண்ணை உள்ளே திணித்து, காய்ந்தபின் இன்னொரு முறை. மேலோட்டமாகப் பூசுவதில் பயனில்லை. அடிவரை திறந்தால்தான் பிடிக்கும். காகித மண்ணை வாளியில் வைத்திருந்தால் ஒரு வாரத்தில் நாறும். வேண்டிய அளவு மட்டும் செய்துகொள்ளலாம்.

காயவைப்பது மூன்று வாரம். முதல் வாரம் முழுக்க மூடி, இரண்டாம் வாரம் துணி மட்டும், பிறகு திறந்து. சித்திரை வெயிலில் மேற்குச் சன்னலோரம் வைப்பதும், மின்விசிறிக்கு நேரே வைப்பதும் ஒரு பக்கத்தை மட்டும் காயவைக்கும். ஐப்பசியில் நேர்மாறு. மேலே வெளிறி உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். கன்னத்தை வைத்துப் பார்த்துக் குளிர்ந்தால் ஈரம் உண்டு என்பார்கள். அது மெல்லிய பாத்திரத்துக்குச் சரி. தடித்த சிற்பத்துக்குத் தராசுதான் நம்பிக்கை. தினமும் ஒரே நேரத்தில் எடை போட வேண்டும். ஆடு 14 கிலோவிலிருந்து இறங்கி இறங்கி 11.3-இல் நின்றது. மூன்று நாள் அதே எண் வந்த பிறகுதான் சூளைக்குப் போனது.

‘உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும்’ என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். வெடிப்பது காற்றால் அல்ல, தண்ணீரால். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். தடித்த மண்ணுக்குள் ஈரம் இருக்கும்போது 100 டிகிரியைத் தாண்டினால் அந்த ஆவி சுவரைப் பிளந்துகொண்டு வரும். எலும்பாகக் காய்ந்த மண்ணில் குமிழி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஈரமான மண்ணில் குமிழியே இல்லாவிட்டாலும் வெடிக்கும். எடை நின்றுவிட்டதாகத் தெரிந்தாலும் ஆட்டை 90 டிகிரியில் பத்து மணி நேரம் நிறுத்தினார்கள். சூளையின் பார்வைத் துளைக்கு வெளியே ஒரு குளிர்ந்த கண்ணாடித் துண்டைக் காட்டினால் பனி பூக்கும். ஒவ்வொரு மணிக்கும் காட்ட வேண்டும். பனி பூப்பது நின்றால்தான் மேலே போகலாம்.

அதற்குப் பிறகு 600 வரை மணிக்கு 50 டிகிரி. இந்த இடைவெளியில் இரண்டு காரியம் நடக்கிறது. 450-லிருந்து 600-க்குள் மண்ணின் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டிருந்த நீர் வெளியேறுகிறது. இதன்பிறகு அந்த மண்ணைத் தண்ணீரில் போட்டாலும் கரையாது. 573-இல் குவார்ட்ஸ் சட்டென்று விரிகிறது. இறங்கும்போது அதே 573-இல் சட்டென்று சுருங்குகிறது. ஏறும்போது விழும் விரிசலின் வாய் பெரும்பாலும் அகன்று, சொரசொரப்பாக இருக்கும். இறங்கும்போது விழுவது மயிரிழைபோல, ஓரங்கள் கூர்மையாக, தட்டினால் ‘டப்’ என்று செத்த ஓசையோடு. உடைந்த துண்டைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவினாலே எப்போது உடைந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஆடு 900-த்தில் நிறுத்தப்பட்டது. கிண்ணங்களுக்கும் ஜாடிக்கும் தனியாக, கிளேஸுக்கு முந்தைய முதல் சூடு மட்டும், 980. இரண்டு சூளையையும் 100-க்குக் கீழே இறங்கும்வரை திறக்கவில்லை. இருநூறில் மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசையால் நல்ல பானைகள் நிறைய போயிருக்கின்றன.

கிளேஸ் பழைய நாலு-மூன்று-இரண்டு-ஒன்று: ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் பொடி 20, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 10. இதில் இரும்பு ஆக்சைடு ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்து, காற்று குறைந்த தீயில் சுட்டால் இளம்பச்சை. எட்டுப் பத்து சதவீதம் சேர்த்தால் கருங்காப்பி நிறம். அதே இளம்பச்சைக் கலவை மின்சூளையில் வெளிறிய மஞ்சளாகத்தான் வரும், கலவையைக் குறை சொல்லக் கூடாது. ஒரு கிலோ பொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், 80 மெஷ்ஷில் இரண்டு முறை வடித்து. கெட்டியைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். 100 மில்லி எடுத்து எடை போட்டால் 145-லிருந்து 150 கிராம் இருக்க வேண்டும். மூன்று எண்ணும் நேரம் முக்கி எடுத்தால் ஒரு மில்லிமீட்டர் பூச்சு. பாதத்திலிருந்து 3 மில்லிமீட்டர் மேலே வரை துடைத்துவிட வேண்டும். பொடியை அளக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம், தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. இதில் மட்டும் சலுகையே கூடாது.

கட்டைவிரல் அளவு வழுக்கை விழுந்த அந்தக் கிண்ணத்தில் அந்த வழுக்கை உண்மையிலேயே கட்டைவிரல்தான். ஓரத்தில் நகத்தின் வளைவுகூடத் தெரிகிறது. எண்ணெய் வைத்த தலையை ஒதுக்கிய கையால் பிஸ்க்கைப் பிடித்தால், அந்த இடத்தில் தண்ணீர் ஏறாது, கிளேஸும் பிடிக்காது. உருகும்போது இரு பக்கமும் விலகிச் சுருளும். கிளேஸ் நாளன்று சோப்பு போட்டுக் கை கழுவி, பிஸ்க்கை ஈர ஸ்பாஞ்சால் ஒருமுறை துடைத்து, விளிம்பையும் பாதத்தையும் மட்டும் பிடித்துத் தூக்கினால் போதும்.

கிளேஸ் சூட்டைப் பைரோமீட்டர் (சூளையின் வெப்பமானி) எண்ணை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. அது அந்தக் கணத்தின் வெப்பத்தைச் சொல்லும். மண் எவ்வளவு வெப்பத்தை வாங்கியிருக்கிறது என்பதைக் கோன்தான் சொல்லும்; அது குறித்த சூட்டில் மெத்தென்றாகிக் குனியும் சிறிய கூம்பு, எண் ஏற ஏற அதிகச் சூடு கேட்கும். பார்வைத் துளைக்கு நேரே 8, 9, 10 என்று மூன்று கோன்கள். ஒன்பது முழுக்கக் குனிந்து, பத்து குனியத் தொடங்கும்போது நிறுத்தினார்கள். ஊறுகாய்க்கும் ரசத்துக்கும் போகிற பாத்திரத்துக்கு இன்னும் இரண்டு சோதனை பாக்கி. கெட்டியான புளிக்கரைசலை ஓர் இரவு ஊற்றி வைத்து, காலையில் கழுவிப் பார்க்க வேண்டும். பளபளப்பு மங்கியிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ அதில் சாப்பாடு வைக்கக் கூடாது. அடுத்தது, காய்ந்த கிண்ணத்தை எடை போட்டு, நீரில் ஐந்து மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் துடைத்து மறுபடி எடை. 390 கிராம் 396 ஆனது, ஒன்றரை சதவீதம். ஸ்டோன்வேருக்கு அது நல்ல எண்.

ஆட்டுக்கு கிளேஸ் இல்லை. தோல் பதத்தில், 400 கிராம் களிமண்ணை ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் சோடியம் சிலிகேட்டோடு கரைத்து, ஒரு நாள் அசைக்காமல் வைத்து, மேல்நீருக்கும் அடிவண்டலுக்கும் நடுவில் நிற்கும் மெல்லிய சேற்றை மட்டும் குழாயால் இழுத்தெடுத்து மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் மினுக்கம் மங்கியதும் கூழாங்கல்லால் தேய்ப்பு. 900-க்கு மேல் ஏற்றியிருந்தால் இந்த மெருகு மங்கியிருக்கும். பிறகு செங்கல்லை அடுக்கிய தொட்டியில் ஆட்டைப் பாதிவரை உமியில் புதைத்து, மேலே காற்று படவிட்டு மூட்டம். மூடிய கீழ்ப்பாதி புகையைக் குடித்துக் கறுத்தது, திறந்திருந்த முதுகு சிவப்பாகவே நின்றது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கிற கறுப்பு-சிவப்புப் பானைகளும் காற்று பட்ட இடம் சிவந்து, காற்று படாத இடம் கறுத்த வகைதான். மூட்டம் அணைந்து எட்டு மணி நேரம் கழித்து உமிச் சாம்பலை விலக்கியபோது ஒட்டிய காது கறுப்புப் பக்கத்தில் இருந்தது. கொம்புக்குக் கீழே நிறம் ஒரு விரல் அகலத்துக்குள் கறுப்பிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. காகித மண் வைத்த கோட்டை விரலால் தடவினால்தான் கண்டுபிடிக்க முடிகிறது.